வாசலுக்கு 150 அடி: அமெரிக்கப் புறநகர் மான் வேட்டையும் வில் வழக்கும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் காட்டில் திரியும் மான் நிலத்துக்காரரின் உடைமையன்று. அது பொதுமக்களுக்கு உரியது, மாநில அரசு அவர்கள் சார்பில் அதைக் காத்து வருகிறது என்பதே அந்நாட்டு வேட்டைச் சட்டங்களின் அடிப்படை. அதனால் எந்த மாதத்தில், எந்தக் கருவியால், எத்தனை மான்களைக் கொல்லலாம் என்பதை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே வகுத்து வைத்திருக்கிறது. ஆள் வசிக்கும் வீட்டிலிருந்து எத்தனை அடி தள்ளி நின்று வேட்டையாட வேண்டும் என்ற கணக்கும் இவ்விதிகளில் ஒன்று. வேட்டைத் துறையினர் இதைப் ‘பாதுகாப்பு வளையம்’ என்கின்றனர். துப்பாக்கிக்கு ஓர் அளவும் வில்லுக்கு வேறோர் அளவும் குறுக்குவில்லுக்குச் சில இடங்களில் மூன்றாவது அளவும் எனப் பிரிந்து கிடக்கும் இவ்வளவுகளின் வரலாற்றைத் தொடர்ந்து செல்பவர் ஒரு முரண்பாட்டில் வந்து நிற்பார். குறைவாகவே கொல்லும் என்ற நம்பிக்கையால் நீண்ட வேட்டைக் காலத்தைப் பெற்ற வில்லிடம், பிற்காலப் புறநகர்கள் மான்கள் பெருவாரியாகக் குறைய வேண்டும் என்று எதிர்பார்த்தன. குறுக்குவில்லைச் சுற்றி அரை நூற்றாண்டாக நடந்துவரும் வழக்கு இந்த முரண்பாட்டிலிருந்து கிளைத்ததே.

குறுக்குவில் என்பது துப்பாக்கிக் கட்டை போன்ற ஒரு தண்டின் முனையில் வில்லைக் குறுக்காகப் பொருத்தி, இழுத்த நாணை ஒரு கொக்கியில் மாட்டி நிறுத்தி, விசையை அழுத்தினால் குட்டையான அம்பு பாயும்படி அமைத்த கருவி. சாதாரண வில்லில் நாணை இழுத்த கை அதன் முழுப் பாரத்தையும் தாங்கிக்கொண்டே குறி பார்க்க வேண்டியிருக்க, குறுக்குவில்லில் அந்தப் பாரத்தைக் கொக்கி தாங்கிக்கொள்வதால், ஆண்டுக்கணக்கில் பழகாதவரும் சில நாட்களில் ஓரளவு குறி தவறாமல் எய்யக் கற்றுக்கொள்ளலாம். இந்த எளிமைதான் ஐரோப்பாவில் அதற்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது. 1139-இல் கூடிய இரண்டாம் லாத்தரன் திருச்சபைப் பேரவை கிறித்தவர்மீது குறுக்குவில்லை ஏவுவதைத் தடை செய்தது என்று அடிக்கடி எழுதப்படுகிறது. அத்தடையின் வாசகம் குறுக்குவில்லாரோடு சாதாரண வில்லாளரையும் சேர்த்தே கண்டிக்கிறது என்பதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர்.

அமெரிக்கக் குடியேறிகள் கொண்டுசென்ற சட்ட மரபுக்கு இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி காலத்தில் 1541-இல் இயற்றப்பட்ட குறுக்குவில், கைத்துப்பாக்கிச் சட்டம் நெருங்கிய முன்னோடி. ஆண்டுக்கு 100 பவுண்டு நில வருவாய் இல்லாதவர் குறுக்குவில்லையோ கைத்துப்பாக்கியையோ வைத்திருக்கக் கூடாது என்று அது விதித்தது. குடிமக்கள் நெடுவில் பயிற்சியைக் கைவிட்டுவிடுவர் என்ற படைத்துறைக் கவலையும், அரசரின் மான்களையும் பிரபுக்களின் மான்களையும் எளியோர் திருட்டுத்தனமாக வீழ்த்துவர் என்ற அச்சமும் அதற்குக் காரணங்களாயின. நகரங்களிலும் சந்தை ஊர்களிலும் அவற்றைச் சுற்றிக் கால் மைல் தொலைவிலும், இலக்கு மேட்டை நோக்கியோ வீட்டைக் காக்கவோ அல்லாமல், துப்பாக்கி சுடக் கூடாது என்றும் அதே சட்டம் கூறிற்று. ஊரைச் சுற்றி வளையம் போடும் எண்ணமும், குறுக்குவில்லை யாரிடம் ஒப்படைக்கலாம் என்ற கேள்வியும் ஒரே ஏட்டில் அருகருகே இடம்பெற்றிருப்பது கவனிக்கத்தக்கது. செல்வருக்கு அத்தடை பொருந்தவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1591-இல் முதலாம் எலிசபெத் கௌட்ரே மாளிகைக்கு விருந்தினராகச் சென்றபோது, அடைப்புக்குள் விடப்பட்ட மான்களைக் குறுக்குவில்லால் எய்து மகிழ்ந்தார்.

அட்லாண்டிக்கின் மறுகரையில் நிலைமை வேறாக இருந்தது. அங்கு அரசர் காடும் இல்லை, பிரபுவின் மான் பூங்காவும் இல்லை. வேலியிடாத நிலத்தில் எவரும் வேட்டையாடலாம் என்பது வழக்கமாயிற்று. விளைவு விரைவில் தெரிந்தது. ரோட் தீவின் போர்ட்ஸ்மவுத் குடியிருப்பு 1646-லேயே ஆண்டில் சில மாதங்களுக்கு மான் வேட்டையைத் தடை செய்ய வேண்டியதாயிற்று. ஐரோப்பியர் வருகைக்கு முன் ஏறத்தாழ மூன்று கோடி இருந்திருக்கலாம் என்று மதிப்பிடப்படும் வெள்ளைவால் மான், சந்தைக்கு இறைச்சியும் தோலும் திரட்டிய தொழில்முறை வேட்டையாலும் காடழிப்பாலும், 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சில லட்சமாகச் சுருங்கியது. 1900-இல் நிறைவேறிய லேசி சட்டம் களவாக வேட்டையாடிய விலங்கை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டு விற்பதைக் குற்றமாக்கியது. 1937-இன் பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் ஏற்கெனவே விதிக்கப்பட்டிருந்த வரியின் பணத்தை வனவிலங்கு மீட்புக்கு ஒதுக்கியது. வேட்டைக்காரர் கட்டும் வரியாலும் உரிமக் கட்டணத்தாலும் மான் மீண்டது. அதனாலேயே வேட்டைக்காரரின் எண்ணிக்கை குறைவதை மாநில வனவிலங்குத் துறைகள் இன்றும் அஞ்சுகின்றன. பின்னால் குறுக்குவில்லுக்குக் கதவு திறந்ததில் இந்த அச்சத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

மான் அருகிக் கிடந்த அதே காலத்தில்தான் வில் வேட்டை ஒரு பொழுதுபோக்காக மறுபிறவி எடுத்தது. மோரிஸ் தாம்சன் 1878-இல் வெளியிட்ட நூல் வில்வித்தையை நடுத்தர வகுப்பாரிடையே பரப்பியது. ஆயினும் வேட்டை வில்லின் மறுமலர்ச்சிக்கு உண்மையான வித்து ஓர் இன அழிப்பின் எச்சத்திலிருந்து வந்தது. குடியேறிகளால் வேரறுக்கப்பட்ட யாஹி மக்களின் கடைசி மனிதராகக் கருதப்படும் இஷி, 1911 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில் பசியால் வாடிய நிலையில் வெளிப்பட்டார். சான் பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் அவர் வாழ்ந்த ஆண்டுகளில், அருகிலிருந்த மருத்துவமனையில் பணியாற்றிய சாக்ஸ்டன் போப் அவரிடம் வில் செய்யவும் பதுங்கி அணுகவும் கற்றார். 1916-இல் இஷி காசநோயால் இறந்தபின் போப் எழுதி 1923-இல் வெளிவந்த வில் வேட்டை நூல் ஒரு தலைமுறையையே ஈர்த்தது. பதுங்கும் கலையை யாஹி மனிதரிடம் கற்ற போப், தம் வேட்டைக்கு விரும்பி எடுத்ததோ யூ மரத்தால் ஆன ஆங்கில நெடுவில். ஆசானின் வில்லைவிட முன்னோரின் வில்லே அவருக்குப் பெரிதாகத் தெரிந்தது போலும்.

இந்த ஆர்வலர்கள் வேட்டையைக் கடினமாக்கிக்கொள்வதையே அறமாகக் கருதினர். வனவிலங்கு மேலாண்மையை ஓர் அறிவியல் துறையாக நிறுவிய ஆல்டோ லியோபோல்டு தம் வில்லையும் அம்பையும் தாமே செய்துகொண்டவர். அவர் மனைவி எஸ்டெல்லா விஸ்கான்சின் மாநில மகளிர் வில்வித்தையில் முதலிடம் பெற்றவர். அம்மாநிலத்தில் 1934-இல் சாக், கொலம்பியா ஆகிய இரு வட்டங்களில் வில்லுக்கென்றே தனியாக ஒரு மான் வேட்டைப் பருவம் அறிவிக்கப்பட்டது. அதில் வீழ்ந்தது ஒரே ஒரு கடா மான். இந்த எண்ணே பின்வந்த எல்லாவற்றுக்கும் அடிப்படையாயிற்று எனலாம். துப்பாக்கி வேட்டைக்குச் சில நாட்களோ ஒன்றிரண்டு வாரங்களோ மட்டும் தரத் துணிந்த மாநிலங்கள், வில்லாளர் காட்டில் எத்தனை நாள் திரிந்தாலும் மான் தொகைக்குக் கேடில்லை என்று கண்டு, இலையுதிர் காலம் தொடங்கிக் குளிர்காலம் வரையில் வாரக்கணக்கான பருவத்தை அவர்களுக்கு விட்டுக்கொடுத்தன. வில் பருவம் திறமையின்மைக்குக் கிடைத்த சலுகை என்று சொன்னால் வில்லாளர் முகம் சுளிப்பர். ஆனால் அது பிறந்த முறை அதுவே.

அந்தத் திறமையின்மை நெடுநாள் நீடிக்கவில்லை. மிசூரியைச் சேர்ந்த ஹோலிஸ் வில்பர் ஆலன் 1966-இல் விண்ணப்பித்து 1969-இல் காப்புரிமை பெற்ற கூட்டுவில், வில்லின் இரு முனைகளிலும் மையம் விலகிய சுழல் உருளைகளைப் பூட்டி, அவற்றின் வழியே நாணையும் வடத்தையும் ஓட்டியது. இழுவையின் நடுவில் பாரம் உச்சத்தை எட்டி, முழுதும் இழுத்து முடித்ததும் பெருமளவு குறைந்துவிடும் என்பதே இதன் நுட்பம். இன்றைய கூட்டுவில்களில் இக்குறைவு 80 விழுக்காட்டையும் எட்டுவதால், 70 பவுண்டு இழுவைப் பாரமுள்ள வில்லை இழுத்து நிற்பவர் கையில் எஞ்சுவது 14 பவுண்டு மட்டுமே. இது வில்லே அன்று, பொறி என்று அன்றைய மரபாளர் சீறினர். போப்பின் பெயரையும் அவர் தோழர் ஆர்ட் யங்கின் பெயரையும் தாங்கி 1961-இல் நிறுவப்பட்ட போப்–யங் கழகம் கூட்டுவில்லை ஏற்றாலும், இழுவைக் குறைவு 65 விழுக்காட்டைத் தாண்டினால் அவ்வில்லால் வீழ்த்திய விலங்கைத் தன் பதிவேட்டில் சேர்க்கப் பல ஆண்டுகள் மறுத்தது. பின்னர்த் தனிக் குறியிட்டுச் சேர்த்தது. எதிர்ப்பு அடங்கியபோது கூட்டுவில்லே வேட்டை வில்லின் பொது வடிவமாகியிருந்தது. 1972-இல் வில், அம்பு ஆகியவையும் பிட்மன்–ராபர்ட்சன் வரிக்குள் கொண்டுவரப்பட்டதால், வில்லாளரும் வனவிலங்கு நிதிக்குப் பங்களிப்போராகி, அரசின் செவியில் தம் குரல் ஏறும் தகுதியைப் பெற்றனர்.

இதற்கிடையே நாட்டின் குடியிருப்பு முறையே மாறியிருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெருநகரங்களைச் சுற்றிப் பரந்த புறநகர்கள், புல்வெளி, பூச்செடி, பழமரம், இடையிடையே சிறு தோப்பு என்று அமைந்தன. காட்டின் நடுவைவிடக் காட்டின் ஓரத்தையே நாடும் வெள்ளைவால் மானுக்கு இதைவிட நல்ல மேய்ச்சல் கிடைக்காது. ஓநாயும் பூமாவும் கிழக்கு மாநிலங்களில் முன்பே துடைத்தெறியப்பட்டிருந்தன. வீடுகள் நெருங்கியிருந்ததால் வேட்டைக்காரரும் அணுக முடியவில்லை. 20ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் நாட்டின் மான் தொகை மீண்டும் கோடிகளைத் தொட்டது. சாலையில் மான் மோதும் விபத்துகள் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் நேர்கின்றன என்று காப்பீட்டு நிறுவனங்கள் மதிப்பிடுகின்றன. 1975-இல் கனெக்டிகட்டின் லைம் ஊரில் கவனத்துக்கு வந்த மூட்டு நோய், உண்ணியால் பரவும் நுண்ணுயிர் நோய் என்று 1980-களின் தொடக்கத்தில் நிறுவப்பட்டது. அவ்வுண்ணி முதிர்ந்த பருவத்தில் பெரும்பாலும் மானின் உடலில் குருதி குடித்தே பெருகுகிறது. தோட்டக்காரரின் குறையாக இருந்த மான், போக்குவரத்துத் துறைக்கும் நலத்துறைக்கும் உரிய சிக்கலாக உருவெடுத்தது.

புறநகர்க்காரர் மானைக் கண்டு சலித்தாலும் துப்பாக்கி ஓசையைக் கேட்க விரும்பவில்லை. அவர்களில் பலர் நகரத்திலிருந்து வந்தவர்கள். காலங்காலமாக அங்கே வேட்டையாடிய உள்ளூர்க் குடும்பங்களுக்கோ, நேற்று முளைத்த வீடு இன்று தம் காட்டைப் பறிப்பதாகப் பட்டது. இவ்விரு தரப்பும் எவ்வளவு தொலைவில் நின்றன என்பதை 1988 நவம்பரில் மெய்ன் மாநிலத்தின் ஹெர்மன் ஊரில் நிகழ்ந்த சாவு வெளிப்படுத்தியது. வீட்டின் பின்புறத்தில் நின்ற பெண் ஒருவரை மான் என்று எண்ணி வேட்டைக்காரர் சுட்டுக் கொன்றார். அப்பெண் அணிந்திருந்த வெள்ளைக் கையுறை மானின் வாலைப் போலத் தோன்றியிருக்கும் என்ற பேச்சு உள்ளூரில் எழுந்தது. வழக்கில் சுட்டவர் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். வேட்டைப் பருவத்தில் வெள்ளை அணிந்தது யார் குற்றம் என்று உள்ளூரார் கேட்டதும், சொந்த வீட்டுக் கொல்லையில் நிற்க யாருடைய அனுமதி வேண்டும் என்று புதியவர் கேட்டதும் ஒன்றையொன்று எட்டவேயில்லை. 1991-இல் மெய்ன், இலக்கு இன்னதென்று ஐயமறத் தெரியாமல் சுடுவதைச் சட்டத்தால் தடுத்தது. உயிரிழப்புக்குப் பின் பிறந்த அச்சட்டம் நியாயமானது. முன்பே இருந்திருக்க வேண்டியது.

இத்தகைய சூழலில், சத்தமில்லாததும் அருகிலிருந்து மட்டுமே எய்யக்கூடியதுமான வில், நகராட்சிகளின் கண்ணுக்கு ஏற்ற தீர்வாகப் பட்டது. வில்லாளர் பெரும்பாலும் மரத்தில் கட்டிய பரணில் அமர்ந்து, 20 முதல் 30 கெஜத் தொலைவில் வரும் மானைக் கீழ்நோக்கி எய்கின்றனர்; குறி தப்பினாலும் அம்பு சில அடிகளில் மண்ணில் புதைந்துவிடும். இந்த வாதத்தை ஏற்றே மாநிலங்கள் வளையத்தைச் சுருக்கத் தொடங்கின. பென்சில்வேனியாவில் துப்பாக்கிக்கு 150 கெஜமாக உள்ள வளையம் வில்லுக்கு 50 கெஜம். நியூ ஜெர்சியில் துப்பாக்கிக்கும் வில்லுக்கும் ஒன்றாக 450 அடி இருந்தது, 2010-இல் வில்லுக்கு மட்டும் 150 அடியானது. வீட்டுக்காரரின் அனுமதி இருந்தால் இந்த அளவுக்குள்ளும் எய்யலாம் என்பது பொதுவான விதி. 450 அடி வளையத்தை ஒவ்வொரு வீட்டைச் சுற்றியும் போட்டால் நெருக்கமான புறநகரில் எய்வதற்கு இடமே எஞ்சாது. 150 அடி போட்டால் தோப்புகளும் ஓடைக்கரைகளும் திறந்துகொள்ளும். மானைக் குறைக்க விரும்பிய சட்டமன்றங்கள் செய்த கணக்கு இதுதான்.

வாஷிங்டனை ஒட்டிய வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் வட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1997-இல் மான் மோதிய விபத்தில் அங்கு ஓர் உயிர் போனதைத் தொடர்ந்து மான் மேலாண்மைத் திட்டம் உருவானது; இரவில் பூங்காக்களில் தேர்ந்த குறிகாரர் சுடுவது, கட்டுப்படுத்திய துப்பாக்கி வேட்டை ஆகியவை முதலில் நடந்தன. ஏறத்தாழ பத்தாண்டுகளுக்குப் பின் வில் வேட்டைத் திட்டம் தொடங்கி, தேர்வில் குறி தவறாமல் எய்து தகுதி பெற்றவரைப் பூங்காக்களில் பரண் அமைக்க அனுமதித்தது. நாயோடு நடப்பவரும் சைக்கிளில் போகிறவரும் உலவும் பூங்காவில், தலைக்கு மேலே ஒருவர் வில்லோடு அமர்ந்திருப்பதைப் பலர் அறிவதேயில்லை. இதைத் திட்டத்தின் வெற்றியாக அதிகாரிகள் காட்டுவதுண்டு. சத்தம் எழாததும் ஆபத்து இல்லாததும் ஒன்றல்ல. ஓசை மறைந்தால் எதிர்ப்பும் மறையும் என்ற வசதியும் வில்லைத் தேர்ந்ததில் கலந்திருந்தது.

எதிர்ப்பாளரின் வலுவான வாதம் மனிதரைப் பற்றியதன்று, மானைப் பற்றியது. அம்பு குருதிப் பெருக்கால் கொல்வதாதலின், நெஞ்சில் சரியாகப் பட்ட மானும் சிறிது தூரம் ஓடியே விழும். புறநகரில் அந்தத் தூரம் மூன்று வீடுகளைக் கடந்துவிடும். தவறிப் பட்டால் அம்பு தைத்த மான் நாட்கணக்கில் குடியிருப்பில் அலையும். மேரிலாந்தின் இந்தியன் ஹெட் கடற்படை வளாகத்தில் 1989 முதல் 2006 வரையிலான வேட்டைப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், பயிற்சியும் தேர்வும் முடித்த வில்லாளர் எய்த மான்களில் சுமார் 18 விழுக்காடு கைக்குக் கிட்டாமல் போயின என்று கண்டனர். இதை வேட்டைத் தரப்பினர் பழைய குற்றச்சாட்டுகளுக்கு மறுப்பாகக் காட்டினர், ஏனெனில் முன்பு பாதிக்குப் பாதி என்றே பேசப்பட்டது. ஐந்தில் ஒன்றுக்குச் சற்றே குறைவான மான் காயத்தோடு தப்புகிறது என்பதை ஆறுதலாகக் கொள்வதா என்பது வேறு. அதே ஆய்வு கூட்டுவில்லுக்கும் குறுக்குவில்லுக்கும் இவ்வகையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. நெடுவில்லின் தாயகமான இங்கிலாந்தோ இந்த விவாதத்துக்கே இடம் வைக்கவில்லை. பிரிட்டனின் 1981 வனவிலங்குச் சட்டம் வில்லாலும் குறுக்குவில்லாலும் காட்டு விலங்கைக் கொல்வதை ஒருசேரத் தடுக்கிறது.

அமெரிக்காவில் குறுக்குவில் முதலில் நுழைந்தது இரக்கத்தின் வாசல் வழியாக. கை, தோள் ஊனமுற்று நாண் இழுக்க இயலாதவர் மருத்துவச் சான்று காட்டினால் வில் பருவத்தில் அதைப் பயன்படுத்தலாம் என்று பல மாநிலங்கள் விதி செய்தன. ஆர்கன்சாவும் ஒகையோவும் 1970-களிலேயே எல்லோருக்கும் அனுமதித்தவை; மற்ற மாநிலங்கள் அவற்றை நெடுநாள் தயக்கத்தோடு பார்த்தன. வில்லாளர் கழகங்களே கடுமையாக எதிர்த்தன. நாணைக் கொக்கியில் மாட்டி, தொலைநோக்கி பொருத்தி, விசையை அழுத்துவது துப்பாக்கி வேட்டையே என்றும், பழகாத கூட்டம் காட்டில் குவிந்தால் மான் கொலை பெருகி அரசு வில் பருவத்தையே வெட்டிக் குறைக்கும் என்றும் அவை அஞ்சின. முதல் வாதம் குறுக்குவில்லையும் கைத்துப்பாக்கியையும் ஒன்றாக வைத்த 1541 ஆங்கிலச் சட்டத்தின் மறுபதிப்பு. அதைச் சொன்னவர்கள் கையில் இருந்ததோ, பாரத்தில் பெரும்பங்கை உருளைக்கு விட்டுவிட்டு, விரலுக்குப் பதில் கருவியால் நாணை விடுவிக்கும் கூட்டுவில்; இருபதாண்டுகளுக்கு முன் தம்மைப் பார்த்துச் சொல்லப்பட்ட சொல்லையே அவர்கள் அடுத்தவர்மீது ஏவினர். இரண்டாம் வாதம் அப்படியன்று. அது தன்னலம் சார்ந்ததாயினும் கணக்கில் பிழையற்றது.

முடிவு செய்தது வாதமன்று, வயது. 1991-இல் ஒரு கோடியே 41 லட்சமாக இருந்த நாட்டின் வேட்டைக்காரர் தொகை 2016-இல் ஒரு கோடியே 15 லட்சமாக இறங்கியது. இருப்பவரும் தோள் தளர்ந்த முதியவராயினர். உரிமக் கட்டணம் குறைவதைக் கண்ட மாநிலங்கள் முதியவரைத் தக்கவைக்கவும் சிறுவரையும் பெண்களையும் ஈர்க்கவும் குறுக்குவில்லைத் திறந்துவிட்டன. நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, மிச்சிகன் ஆகியவை 2009-இல் விதிகளைத் தளர்த்தின. விஸ்கான்சின் 2014-இல் குறுக்குவில்லுக்குத் தனி உரிமத்தை உண்டாக்கியது. சில ஆண்டுகளுக்குள் அங்குக் குறுக்குவில்லால் வீழ்ந்த மான்கள் வில்லால் வீழ்ந்தவற்றை மிஞ்சின. 1934-இல் ஒரே ஒரு கடாவோடு வில் பருவம் தொடங்கிய அதே மாநிலத்தில், அப்பருவத்தைக் குறுக்குவில்லாருக்குச் சுருக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. வட விஸ்கான்சின் காட்டில், மான் குறைந்த இடத்தில், அக்கோரிக்கைக்குப் பொருளுண்டு. மான் மிகுந்து வேட்டைக்காரர் குறைந்த புறநகரில் அதற்குப் பொருளே இல்லை. மாநிலம் முழுவதற்கும் ஒரே விதி செய்ய முயல்வதே இவ்வழக்கை முடிவின்றி நீட்டுகிறது.

நியூயார்க் மாநிலம் 2014-இல் செய்த திருத்தம் இந்த நீண்ட இழுபறியின் தடத்தை எண்களிலேயே காட்டுகிறது. அதுவரை எல்லாக் கருவிக்கும் 500 அடியாக இருந்த வளையத்தை அது துப்பாக்கிக்கு அப்படியே வைத்து, குறுக்குவில்லுக்கு 250 அடி, வில்லுக்கு 150 அடி என்று குறைத்தது. வில் பருவத்துக்குள் அதன் இறுதி நாட்களில் மட்டுமே குறுக்குவில்லை அனுமதித்தது. இன்றைய கூட்டுவில்லின் அம்பும் குறுக்குவில்லின் அம்பும் தட்டையாக எய்யப்பட்டால் இவ்விரு அளவுகளையும் எளிதில் தாண்டிச் செல்லக்கூடியவை. புறநகரில் பாதுகாப்பைத் தருவது பரணின் உயரமும் எய்பவரின் பயிற்சியுமே. அவ்விரண்டையும் வலியுறுத்தாத விதி, வில்லுக்கும் குறுக்குவில்லுக்கும் இடையே 100 அடி வேறுபாடு வைப்பதற்கு அறிவியல் ஆதாரம் காண்பது கடினம். அது வில்லாளர் கழகங்களுக்கும் குறுக்குவில் ஆதரவாளருக்கும் இடையே பேரம் பேசி முடித்த அளவாகவே தோன்றுகிறது.